மோட்டார் இல்லாத மோட்டார் சத்தம்

சாயங்காலம் ஐந்தேகால் இருக்கும். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கீழ் வீட்டு ஷாஜஹான் பாய்.

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். எட்டுக்கும் செக்ரட்டரி அவர்தான். மேற்குத் தாம்பரத்தில் எலக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறார். பொத்தான் போட்ட சட்டை இல்லாமல் படியேறி வருகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பனியனோடு வந்திருந்தார். கையில் பாதி குடித்த டீ டம்ளர். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்று கூடத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"டீச்சர், மோட்டார் ஓடுது" என்றார்.

"எந்த மோட்டார் பாய்?"

"நம்ம மோட்டார்தான்."

நம்ம மோட்டார் அப்போது ஒர்க்‌ஷாப்பில் பாகம் பாகமாகப் பிரிந்து கிடந்தது. முந்தின நாள் காலையில் அதைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி அனுப்பியவரே பாய்தான்.

"படுக்கிற ரூம் சுவத்துல கை வெச்சுப் பாத்தேன், உர்ருங்குது. ஓடிப் போய் மோட்டார் ரூமைத் தொறந்தா வெறும் பைப்தான் நிக்குது. எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சான்னு பயமா இருக்கு டீச்சர். உங்களுக்குக் கேக்குதா?"

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. என் முதுகுக்குப் பின்னால், உள்ளறையில், கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் பாடுபட்டு அந்தச் சத்தத்தை உண்டாக்கியவளே நான்தான்.

பாய் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இங்கயும் கேக்குதே" என்று மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

பாடாத வீடு

தைராய்டு கட்டியை எடுத்த கதையைச் சில வாரங்களுக்கு முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அப்புறம் குரல் திரும்ப வந்ததா என்று விசாரித்து எழுதியவர்களுக்கு இந்த வாரம்தான் பதில்.

பேச்சு வந்தது, கரகரவென்று. பாட்டு வரவில்லை. வாயைத் திறந்து ஸ்வரம் பிடித்தால் சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி ஒன்று வரும். நரம்பு கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் சேலையூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கழுத்தில் ஒரு சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு பாடம் நடத்திவிடலாம். சர்ச் கொயரில் அந்தப் பாச்சா பலிக்காது. இருபது சொச்சம் வருடம் ஆல்டோ என்கிற கீழ்க்குரல் வரிசையில் நின்றவள், கொயர் மாஸ்டரிடம் போய், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலை நிறைய இருக்கிறது, கொஞ்ச நாள் வர முடியாது என்றேன். ஜூன் மாதத்தில் என்ன பரீட்சை என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

என் கணவர் சாமுவேல் ரயில்வேயில் சிக்னல் பிரிவு. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் ரேடியோ சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வைக்க ஆரம்பித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இலவசம் என்ற சொல்

பதினோராம் வகுப்புக்கு சைன் வளைவு நடத்த வேண்டியிருந்தது. அலை மேலே ஏறி, கீழே இறங்கி ஓடுகிற மாதிரி ஏதாவது வீடியோ கிடைக்குமா என்று ஒரு சனிக்கிழமை காலையில் போனில் தேடிக்கொண்டிருந்தேன். ஆன்லைன் வகுப்புக் காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. வகுப்பு பழையபடி பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு அதன் மேல் இஸ்திரி போட வேண்டிய துணிதான் கிடந்தது.

ஒரு வீடியோவில் தாடிக்காரர் ஒருவர் திரையில் இருந்த குமிழைத் திருகினார். வளைவு மாறியது. வளைவு மாற மாற, சத்தமும் மாறியது. இது சிந்தசைசர், நிஜப் பெட்டியை வாங்க வேண்டாம், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் என்றார். கடைசியில் "இலவசம்" என்றார். எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை.

அன்றைக்கே ஏழு சிந்தசைசர்களை இறக்கினேன். ஒன்றுக்கு மேல் எதற்கு என்று கேட்கக் கூடாது. இலவசம்.

இறக்கியதை இரண்டு முறை தட்டினால் திறக்கும் என்றுதான் நினைத்தேன். இதை எதில் திறக்கட்டும் என்று கம்ப்யூட்டர் என்னையே கேட்டது. போட்டோ பார்க்கிறதில் திற என்றேன். முடியாது என்றது. வீடியோ பார்க்கிறதில் திறந்து பார்த்தேன். சிந்தசைசர் என்பது பல்பு மாதிரி, அதை மாட்ட ஹோல்டராக இன்னொரு மென்பொருள் வேண்டும் என்பது செவ்வாய்க்கிழமைதான் புரிந்தது. ஹோல்டரும் இலவசமாகக் கிடைத்தது.

மாட்டியாயிற்று. திரையில் பியானோக் கட்டைகள் வந்தன. டைப் அடிக்கிற கீபோர்டில் A எழுத்தைத் தட்டினால் 'ஸ', பக்கத்து S எழுத்துக்கு 'ரி'. தட்டினேன். சத்தம் இல்லை. அமைப்புகள் எல்லாவற்றையும் மாற்றினேன். ஏழையும் அழித்து மறுபடி ஏற்றினேன். வியாழக்கிழமை வரைக்கும் சத்தம் இல்லை.

அன்று வேலை முடிந்து வந்த சாமுவேல் மேஜைக்குக் கீழே எட்டிப் பார்த்தார். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி அந்தப் பிளக்கில் கொசு மெஷினை மாட்டியவர் அவரே. ஆறு மாதமாக மாட்டியிருக்கிறது என்று அமைதியாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

வயரை மாட்டினேன். A எழுத்தைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. சரி, இன்னும் ஏதோ கோளாறு என்று கையை எடுத்த பிறகு, நிதானமாக, "பாம்" என்றது. ஒவ்வொரு தட்டுக்கும் அரை விநாடி கழித்துத்தான் பதில். வேகமாக வாசித்தால் நான் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது பாட்டு முடியும். அதைச் சரிசெய்ய வேறொரு ஒலி டிரைவர் போட வேண்டும் என்று இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் நாலு வரி எழுதி வைத்திருந்தார். அவர் எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும்.

வளைவு பேசியது

எல்லாம் சரியான பிறகு முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சிந்தசைசரில் ஒலி பிறக்கிற இடத்தில் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். சதுரமாக ஒரு அலை, ரம்பப் பல் மாதிரி ஒன்று, வளைந்து நெளிந்து ஒன்று. அந்த வளைவைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டையைத் தட்டினேன்.

ஊ என்று வந்தது. கலப்படமில்லாமல், ஓரம் இல்லாமல், காலிப் பாட்டில் வாயில் ஊதுகிற மாதிரி.

கரும்பலகையில் அந்த வளைவை எத்தனை ஆயிரம் தடவை வரைந்திருப்பேன். எத்தனை பிள்ளைகளை அதற்காக பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன். அது பேசும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது என்று எழுதினால் மிகையாக நினைப்பீர்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

மறுநாள் வகுப்பில் ஆர்வத்தோடு இதைச் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "மிஸ், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள்.

அப்புறம் எனக்குப் பித்துப் பிடித்தது. பள்ளி விட்டு வந்ததும் ஐந்திலிருந்து ஆறு வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். யாரோ செய்து வைத்த சத்தங்கள் நூற்றுக்கணக்கில் கூடவே வந்திருந்தன. அவை எனக்கு வேண்டாம். எனக்கு ஒரே ஒரு சத்தம் வேண்டும். மனிதர் வாய் திறந்து "ஆ" என்று பிடிக்கிற சத்தம். எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்கு இரண்டு ரம்ப அலைகளை எடுத்து, ஒன்றை மயிரிழை அளவு தள்ளி வைக்க வேண்டும். அப்போதுதான் உயிர் வரும். பிறகு ஃபில்டர் என்ற குமிழை மெதுவாகத் திறக்க வேண்டும். வாய் திறக்கிற மாதிரி. ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குமிழைத் திருகுவது சிரமம். 'ஹோல்டு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்திவிட்டால் சத்தம் தானே நின்று ஒலிக்கும். நான் பாட்டுக்கு எழுந்து போய்ச் சட்னி அரைத்துவிட்டுக் கூட வரலாம். போனேன்.

ஸ்பீக்கரோடு வந்த பெரிய பெட்டி, அடித்தொண்டைச் சத்தத்துக்கானது, தரையில், கீழே பாய் வீட்டுப் படுக்கையறைச் சுவரோடு சேருகிற தூணை ஒட்டி இருந்தது. என் "ஆ" ஆரம்ப நாட்களில் "ஆ"வாக இல்லை. "ம்ம்ம்" என்று இருந்தது. சாமுவேல் முதல் நாள் கேட்டுவிட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் என்று நினைத்துவிட்டாராம்.

ஏகாம்பரம்

அதே நாட்களில்தான் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் மோட்டார் விவகாரம் ஆரம்பித்தது.

தரைக்கடியில் இருக்கிற சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார், பாய் வீட்டுப் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தொட்டி காலியானால் தானே ஓடி, நிரம்பினால் தானே நிற்கிற ஒரு பெட்டியைப் போன வருடம் அதற்கு மாட்டியிருந்தார்கள். மாட்டியவர் ஏகாம்பரம். இந்தப் பக்கத்து நாலைந்து தெருக்களுக்கும் மோட்டார் என்றால் அவர்தான்.

பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து, அஸர் தொழுகையை முடித்து, கட்டிலில் சாய்ந்து டீ குடிக்கிற நேரம் ஐந்து மணி. சரியாக அப்போது மோட்டார் ஓடுகிறது என்றார். தொட்டி நிரம்பியிருக்கும்போதும் ஓடுகிறது என்றார். சாவியை எடுத்துக்கொண்டு சுற்றிப் போய் ரூமைத் திறந்தால் நின்றுவிடுகிறது என்றார். வெளியே வேளச்சேரி சாலை இரைச்சலில் எதுவும் கேட்காது என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஏகாம்பரம் மூன்று முறை வந்தார். திறந்தார், மூடினார், ஓட்டிக் காட்டினார்.

"மோட்டாரு நல்லாத்தான் கீது பாய். பெட்டியும் நல்லா கீது. நீங்க இன்னா சத்தம் கேக்குறீங்கன்னு எனக்குத்தான் தெரியல."

மூன்றாவது முறை பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருடமாக எலக்ட்ரிக்கல் கடை நடத்துகிறவனுக்கு மோட்டார் சத்தம் தெரியாதா என்றார். மட்டமான பெட்டியை மாட்டிவிட்டு மழுப்புகிறாய் என்றார். கீழே நின்றிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். ஏகாம்பரம் ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றைக்கே குழுவில், இனி ஏகாம்பரத்தைக் கூப்பிட வேண்டாம், வேறு ஆளிடம் மோட்டாரைக் கழற்றிக் கொடுக்கலாம் என்று பாய் எழுதினார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் நின்றன. அதில் ஒன்று என்னுடையது. அதோடு விடவில்லை. 'ஆமாம், நானும் கேட்டேன், மிகவும் தொந்தரவு' என்று எழுதியிருந்தேன். அடுத்த சந்தில் யாரோ நிஜமாகவே மோட்டாரை ஓடவிட்டிருந்ததைத்தான் கேட்டிருப்பேன். எதுவாக இருந்தாலும் எழுதியது எழுதியதுதான்.

மோட்டார் போனது. எட்டு வீட்டிலும் குழாய் நின்றது. சம்ப்பில் வாளி விட்டு இறைத்து, படியேறித் தூக்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அந்த ஏகாம்பரத்தைத் திட்டினவர்களில் நானும் உண்டு. தூக்கி முடித்த களைப்புக்கு ஆறுதலாக மாலையில் போய் 'ஹோல்டு' பொத்தானை அழுத்தினேன்.

மறுபடி வாசலில்

பாயை உள்ளே வரச் சொன்னேன். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். திரையைக் காட்டி, 'ஹோல்டு' பொத்தானை அணைத்தேன். சத்தம் நின்றது. அழுத்தினேன். வந்தது.

பாய் டீ டம்ளரைக் கீழே வைத்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஏறி ஏறி எறங்குதே. ரெண்டு மோட்டார் பக்கத்துல பக்கத்துல ஓடினா இப்படித்தான் கேக்கும். இதுல ரெண்டு இருக்கா?"

ரெண்டு இருக்கிறது பாய், ஒன்றை மயிரிழை தள்ளி வைத்திருக்கிறேன் என்றேன். எனக்கு ஒரு வாரம் வீடியோ பார்த்துப் புரிந்த விஷயம் அவருக்குக் கேட்ட மாத்திரத்தில் பிடிபட்டுவிட்டது. அவர் காதில் கோளாறே இல்லை. அதைச் சொன்னதும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. சிரிக்கக்கூட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"அப்போ ஏகாம்பரம்?"

நான் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

மோட்டார் நாளைக்கு வந்துவிடும், ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார் பாய், மெல்லிய குரலில். எனக்காகத்தான் சொன்னார். கொஞ்சம் அவருக்காகவும் இருக்கலாம். எலக்ட்ரிக்கல் கடைக்காரர் கம்ப்யூட்டரை மோட்டார் என்று நினைத்தார் என்பது கடைத்தெருவில் தெரிந்தால் அவரால் கல்லாவில் உட்கார முடியாது. நானும் தலையை ஆட்டினேன். அதை மறைக்கப் போவதில்லை. சரி என்றுதான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலையில் இரண்டாம் மாடிக்காரரும் நானும் வாளியோடு படியில் எதிரெதிரே நின்றோம். எதிர்த்த குடியிருப்பிலும் ஏகாம்பரத்தை நிறுத்திவிட்டார்களாம், நம் குழுவில் வந்ததை இவர்தான் அங்கே அனுப்பி வைத்தாராம். நல்ல காரியம் செய்தவர் முகம் அவருக்கு. என் கையில் வாளி கனத்தது. அங்கேயே படியில் வைத்துவிட்டு, போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் கீழே கூட வேண்டும் என்று குழுவில் எழுதினேன். ஏகாம்பரத்தை நீங்களே கூப்பிட்டு வாருங்கள் என்று பாய்க்குத் தனியாக எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

கார் நிற்கிற இடத்தில்

எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் ஒரே நேரத்தில் ஆறு பேர் பேசுவார்கள். என் கரகரப்பு அதில் எடுபடாது. அதனால் கம்ப்யூட்டரையே கீழே இறக்குவது என்று முடிவு செய்தேன். சாமுவேலிடம் நடந்ததை முதல் முறையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு திரையை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ஒரு தடவை இறங்கினார், பெட்டிக்கு ஒரு தடவை, ஸ்பீக்கருக்கு ஒரு தடவை. அதற்குள் மோட்டார் திரும்பி வந்திருந்தது. மோட்டார் ரூம் பிளக்கிலிருந்து வயரை இழுத்தார்.

ஏகாம்பரம் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார். உள்ளே வாங்க என்று பாய் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

நான் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

அத்தனை தலையும் மோட்டார் ரூம் பக்கம் திரும்பியது. பொத்தானை அணைத்தேன். மறுபடி அழுத்தினேன். தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. இரண்டாம் மாடிக்காரர் கடைசியாகத் திரும்பினார்.

"மூணு வாரமா ஓடினது இதுதான்" என்றேன். "மோட்டார் மேல தப்பு இல்ல. ஏகாம்பரம் மேல தப்பு இல்ல. நான்தான். தெரியாம செஞ்சேன். தெரிஞ்ச பிறகும் ஒரு நாள் சும்மா இருந்தேன்."

என் குரல் எவ்வளவு தூரம் போனதோ தெரியாது. அன்றைக்கு வேறு யாரும் பேசவில்லை, அதனால் போயிருக்கும். பாய் எழுந்து, எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். எதிர்த்த குடியிருப்புக்கும் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார்.

ஏகாம்பரம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இத்தப் போய் எப்படி பாய் மோட்டாருன்னீங்க? மோட்டாரு ஸ்டார்ட் ஆகசொல்லோ ஒரு இழு இழுக்கும். இதுல அது இல்லியே" என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாயும்தான். எனக்குத்தான் உறைத்தது. ஒலி தொடங்குகிற விதத்துக்கென்றே ஒரு குமிழ் இருக்கிறது. அதை நான் அதுவரை தொட்டதே இல்லை.

"பாட்டு எதுனா வருமாக்கா இதுல?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

கேட்ட வரைக்கும் போதும் என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. என் "ஆ"வை எடுத்தேன். அது அப்போது ஓரளவு தேறியிருந்தது, ஜலதோஷம் பிடித்த ஒருவர் தூரத்தில் பாடுகிற மாதிரி. கைக்குப் பழகியிருந்த ஒரு சர்ச் கீர்த்தனையின் ஆல்டோவை வாசித்தேன். டைப் அடிக்கிற கீபோர்டில் ஐந்தாறு எழுத்து போதும் அதற்கு.

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆல்டோவைத் தனியாகக் கேட்டால் அது பாட்டாகவே இருக்காது. ஒரே இடத்தில் நின்று கொஞ்சம் அசைந்து, மறுபடி அதே இடத்துக்கு வரும். மேலே ராகம் இருந்தால்தான் கீழே இதற்கு அர்த்தம். பஸ் ஹாரன் மாதிரி இருக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னது. ஏகாம்பரம் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நிறுத்திவிடலாம் என்று கையை எடுக்கப் போனேன்.

தூணில் சாய்ந்திருந்த சாமுவேல் தொண்டையைக் கனைத்தார். பிறகு பாட ஆரம்பித்தார்.

என் கணவர் பாடுகிறவர் இல்லை. சர்ச்சில்கூடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைப்பார். ஆனால் நான் மாவு கரைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் முணுமுணுத்த அந்த ஒற்றைக் கோட்டை வைத்து, அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்கக் கூடியவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். முதல் அடியிலேயே ஸ்ருதி விலகியது. இரண்டாவது அடியில் வேறு ஏதோ பாட்டுக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். யாரையும் பார்க்காமல், கார்களைப் பார்த்துக்கொண்டு பாடினார். சரணம் முடிந்ததும் நிறுத்துவார் என்று நினைத்தேன். அடுத்த சரணத்தை எடுத்தார்.

எட்டு வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ராகம் எங்கெங்கோ போயிற்று. நான் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன்.